"ஏதோ சத்தம் கேக்குது" எண்டு சொன்னால் காணாது

கராஜ் வாசலில காரை நிப்பாட்டிப்போட்டு நாங்கள் சொல்லுற வசனம் அநேகமாக ஒண்டுதான்: "அண்ணை, முன்னுக்கு ஏதோ சத்தம் கேக்குது." எந்தப் பக்கம், எப்ப, எந்த வேகத்தில, எப்பிடியான சத்தம் எண்டு ஒண்டும் இல்லை. வயித்துக்குத்துக்கு டொக்டரிட்டப் போனால் எங்க நோகுது, சாப்பிட முதலா பிறகா, எத்தினை நாளாய் எண்டு அவர் கேக்க முதலே பத்து நிமிசம் சொல்லுற சனம் நாங்கள். காருக்கு மட்டும் ஒரு வசனம். அந்த ஒரு வசனத்துக்கு வாற பதிலும் ஒண்டாய்த்தான் இருக்கும்: "ஷொக் போட்டுது. ரெண்டையும் மாத்தவேணும்."

நான் பார்த்த வரைக்கும், எங்கட வீடுகளில கார் திருத்தத்துக்குப் போற காசில கனக்க, பழுதைக் கண்டுபிடிக்காமலே பாட்ஸ் மாத்துறதில போகுது. இதுக்கு மெக்கானிக்மாரை மட்டும் கள்ளர் எண்டு திட்டிப்போட்டு இருக்கிறது நேர்மையில்லை. கண்டுபிடிக்கிற வேலைக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கிறதில்லை. மாட்டுற வேலைக்குத்தான் குடுக்கிறம். அரை மணித்தியாலம் காருக்குக் கீழ படுத்து, "அண்ணை, ஷொக் நல்லா இருக்கு, உங்கட டிக்கிக்குள்ள ஜக் ஆடுது, அதுதான் சத்தம்" எண்டு உண்மையைச் சொன்ன ஆளுக்கு நாங்கள் குடுக்கிறது "சரி அண்ணை, வாறன்" மட்டும்தான். பிழையாச் சொல்லி ரெண்டு ஷொக் மாத்தினவருக்குக் கூலியும் கிடைக்குது, பாட்ஸ் கடைக் கொமிஷனும் கிடைக்குது. இப்பிடி ஒரு ஒழுங்கை வைச்சுக்கொண்டு நேர்மையை எதிர்பார்க்கிறது எப்பிடி?

இது இப்ப ஏன் முக்கியம் எண்டால், நாங்கள் ஓடுறதெல்லாம் வயசுபோன கார்கள். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. திறந்த பிறகும் வரியோட சேர்த்து வாற விலையைக் கேட்டால், நடுத்தரக் குடும்பம் ஒண்டு பழைய காரைத் துடைச்சு மினுக்கி வைச்சிருக்கிறதுதான் புத்தி. எங்கட வீட்டில நிக்கிறது ஒரு கொரோலா 121. எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. எஞ்சின் இன்னும் பூனை மாதிரி. ஆனால் றப்பருக்கு வயசு தெரியும். 2022இல 200 ரூபாயளவில நிண்ட டொலர் 360 ரூபாயளவுக்குப் போனதோட ஒவ்வொரு புஷ்சும் ஒவ்வொரு லிங்க்கும் என்ன விலைக்குப் போனதெண்டு வீட்டில பில் கட்டினவையைக் கேட்டுப் பாருங்கோ. பஞ்சிகாவத்தையில இருந்து பழைய பாட்ஸ் எடுப்பிக்கிற ஆக்களும் அதே கதையைத்தான் சொல்லுவினம். பிழையான பாகம் ஒண்டை மாத்துறது இப்ப சின்ன நட்டமில்லை.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதில என்ன வேலை எண்டு கேக்கலாம். கனபேர் கேட்டும் இருக்கினம். ஆனால் சத்தத்துக்குப் பேர் வைக்கிற வேலை எங்கட வேலைதானே. ஓ.எல். தமிழில இரட்டைக்கிளவி படிச்சனாங்கள். சலசல, கலகல, மடமட. பிரிச்சால் பொருள் தராது எண்டு எழுதிப் புள்ளியும் எடுத்தம். பேப்பரைக் குடுத்த கையோட அதை மறந்தும் போனம். கராஜ் வாசலில உண்மையாத் தேவைப்படுறது அந்தப் பாடம்தான். "டொக்" எண்டு ஒரே ஒருக்கா வாறதும், "கடகட" எண்டு தொடர்ந்து வாறதும், "கிறீச்" எண்டு இழுபடுறதும், "கிளிக் கிளிக்" எண்டு சுத்துக்கு ஒருக்கா வாறதும் ஒரே சத்தமில்லை. நாலும் நாலு வேற இடத்தில இருந்து வருது.

கொஞ்சம் விளக்கமாப் பார்ப்பம். 121, விற்ஸ் மாதிரியான கார்களில முன் சில்லு ஒவ்வொண்டையும் தாங்கி நிக்கிறது ஸ்பிறிங்கும் ஷொக்கும் ஒண்டாச் சேர்ந்த ஒரு தூண். அதின்ர தலை பொனற்றுக்குக் கீழ மவுண்டிங் எண்ட றப்பர்த் தலையணையில பொருந்தியிருக்கு. கீழ லோவர் ஆர்ம். ஆர்முக்கும் சில்லுக்கும் இடையில பால் ஜொயின்ற். ஆர்ம் கார்ச் சட்டத்தோட சேருற இடத்தில ரெண்டு றப்பர் புஷ். இடது சில்லையும் வலது சில்லையும் இணைச்சு ஒரு இரும்புக் கம்பி குறுக்கால போகுது. வளைவில கார் ஒரு பக்கம் சரியாமல் பிடிக்கிறது அதுதான். அந்தக் கம்பியை ரெண்டு பக்கமும் தூணோட கொழுவி வைச்சிருக்கிற துண்டைத்தான் ஸ்டெபிலைசர் லிங்க் எண்டுறது. இவ்வளவும் தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது.

எங்கட ஒழுங்கைகளில முதலில போறது அநேகமா அந்த லிங்க்தான். கார்ப்பெற் ரோட்டில ஒரு பிரச்சினையும் இல்லை. ஒழுங்கைக்குள்ள இறங்கி, மெதுவாப் போகேக்க, சின்னக் குழிகளில "கடகட" எண்டு முன்னுக்குக் கேக்கும். இதை வேற சத்தத்தில இருந்து பிரிச்சு அறிய ஒரு வழி இருக்கு. ஸ்பீட் பிறேக்கர் ஒண்டில நேரா, ரெண்டு சில்லும் ஒரே நேரத்தில ஏறுற மாதிரிப் போங்கோ. பிறகு ஒரு சில்லு மட்டும் குழியில விழுற மாதிரிப் போங்கோ. ரெண்டும் ஒண்டா ஏறினால் அந்தக் குறுக்குக் கம்பி முறுகாது, லிங்க்குக்குப் பெரிய வேலையில்லை. ஒண்டு ஏறி மற்றது இறங்கினால்தான் முறுகும். ஆகவே ஒரு சில்லுக் குழியில கடகடவும் நேரான மேட்டில அமைதியும் எண்டால் சந்தேகம் லிங்க்கில, இல்லாட்டி அந்தக் கம்பியைச் சட்டத்தோட பிடிச்சிருக்கிற புஷ்ஷில. மெக்கானிக் ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டிப்போட்டு மெதுவா ஒரு சுத்து ஓடிப் பார்த்தால் முடிவே தெரிஞ்சிடும். (லிங்க் இல்லாமல் வளைவில கார் கூடச் சரியும். அதனால வெறும் ரோட்டில, மெதுவா, அதுவும் சோதனைக்கு மட்டும்.)

எங்கட காரில நடந்ததும் இதேதான். ஒரு கராஜில ரெண்டு முன் ஷொக்கையும் மாத்தினவை. சத்தம் அப்பிடியே இருந்தது. "புதுசு, கொஞ்சம் ஓடப் பழகும்" எண்டு சொன்னவை. ஓடிப் பழகிறதுக்கு ஷொக் என்ன செருப்பா? அடுத்த கராஜுக்கு அண்ணாவோட நானும் போனன். "இடப்பக்கம், ஒழுங்கையில மட்டும், ஒரு சில்லு விழுந்தால்தான்; மேட்டில நேரா ஏறினால் இல்லை" எண்டு நான்தான் சொன்னன். அந்த அண்ணை பதிலை எனக்குச் சொல்லேல்லை, அண்ணாவைப் பார்த்துச் சொன்னார். அது வேற ஒரு கட்டுரைக்குரிய விசயம். ஆனால் சொன்ன பதில் முக்கியம்: "அப்ப ஷொக் இல்லைத் தம்பி, லிங்க்." குனிஞ்சு கையால லிங்க்கைப் பிடிச்சு ஆட்டினார், எங்கட கண்ணுக்கு முன்னாலேயே லொடலொட எண்டு ஆடிச்சுது. ஷொக் சோடி ஒண்டின்ர விலைக்குப் பக்கத்தில லிங்க்கின்ர விலை ஒரு கணக்கேயில்லை. அப்பா அண்டைக்கு இரவு முழுக்கப் பேசாமல் இருந்தார்.

ஷொக்கைப் பற்றி ஒரு பெரிய மூடநம்பிக்கை எங்களிட்ட இருக்கு, சத்தம் எண்டாலே ஷொக் எண்டு. தேய்ஞ்ச ஷொக் பெரும்பாலும் சத்தம் போடாது. அது தன்ர வேலையைச் செய்யாமல் விடும், அவ்வளவுதான். மேட்டில ஏறி இறங்கின பிறகும் கார் வள்ளம் மாதிரி ரெண்டு மூண்டு தரம் ஆடும். பிறேக் பிடிச்சால் மூக்குக் குத்தும். ரயர் ஒரே சீராத் தேயாமல் இடைக்கிடை பள்ளம் பள்ளமாத் தேயும். தூணில எண்ணெய் வடிஞ்சு புழுதி அப்பிக்கொண்டு நிக்கும். இதில ஒண்டும் இல்லாமல் வெறும் "டக்" சத்தத்துக்கு ஷொக்கை மாத்தச் சொன்னால், ஏன் எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. முன் மூலையை அமத்தி விட்டுப் பார்க்கிற சோதனை எல்லாருக்கும் தெரியும். அது முற்றாச் செத்த ஷொக்கைத்தான் காட்டும். அரைவாசி செத்ததைக் காட்டாது.

கார் நிக்கேக்க ஸ்ரியறிங்கைத் திருப்பினால் "டொய்ங்" எண்டு ஒரு வீணைத்தந்திச் சத்தம் வருதெண்டால் தூணின்ர தலையைப் பாருங்கோ. ஒராள் திருப்ப, மற்றாள் ஸ்பிறிங்கில மெதுவாக் கை வைச்சால், அது பிடிச்சுப் பிடிச்சுத் துள்ளுறது கைக்கே விளங்கும். மவுண்டிங்கில இருக்கிற பெயாரிங் இறுகிப்போனதின்ர அடையாளம் அது.

பிறேக் பிடிக்கேக்க ஒரு "டொக்", திரும்ப எடுக்கேக்க இன்னொரு "டொக்" எண்டால் லோவர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கலாம். றப்பர் கிழிஞ்சால் ஆர்ம் முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். ஆனால் எஞ்சின் மவுன்ற் போனாலும் இதே மாதிரி ஒரு இடி வரும். வித்தியாசம் என்னெண்டால், மவுன்ற் எண்டால் கார் அசையாமல் நிண்டு கியர் மாத்தேக்கயே எஞ்சின் துள்ளி இடிக்கும். இதைப் பார்க்கேக்க காருக்கு முன்னால ஒருத்தரும் நிக்கவேண்டாம்.

முழுக்க வெட்டித் திருப்பி எடுக்கேக்க "கிளிக் கிளிக்" எண்டு சில்லோட சேர்ந்து வாறது சஸ்பென்ஷனே இல்லை. அது சி.வி. ஜொயின்ற். வேகத்தோட கூடிக்கொண்டு போற "ங்ங்ங்" எண்ட ஊளை வீல் பெயாரிங். வலப்பக்க வளைவில பாரம் இடப்பக்கச் சில்லுக்குப் போகும். அந்த நேரம் ஊளை கூடினால் பெரும்பாலும் இடப்பக்கம்தான் பழுது. குழியில வாற சின்னக் கிலுக்கம் பிறேக்கில லேசாக் கால் வைச்ச உடன நிண்டால் பிறேக் பாட், கலிப்பர் பக்கம் பாருங்கோ. இதெல்லாத்துக்கும் முதல், தயவுசெய்து டிக்கியை வெறுமையாக்குங்கோ. ஸ்பெயார் வீலை இறுக்கிற நட் கழண்டிருக்கும், ஜக் தன்ர இடத்தில இல்லாமல் உருளும். எங்கட டிக்கிக்குள்ள இருந்து போன திருவிழாவுக்குக் கொண்டுபோன செம்பும் ரெண்டு தேங்காயும் வந்தது. அம்மா செம்பை ஒரு மாசமாத் தேடினவ.

பழைய றப்பர் "கிறீச்" எண்டு கத்தினால், சந்தேகமான புஷ்ஷில தண்ணி தெளிச்சுப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் அடங்கினால் இடம் தெரிஞ்சுபோச்சு. எஞ்சின் ஒயில், கிறீஸ் எண்டு பூசாதீங்கோ. சாதாரண றப்பரை அது ஊதிப் பழுதாக்கும்.

இனி நான் சண்டைக்கு நிக்கிற இடம். இவ்வளவு சோதனையும் செய்ய நேரம் வேணும். அந்த நேரத்துக்கு விலை இருக்கு. "பார்க்கிறதுக்கு ஒரு கூலி, பழுது கண்டுபிடிச்சாலும் இல்லாட்டியும்" எண்டு கராஜுகள் வெளிப்படையாக் கேக்கவேணும், நாங்களும் முகம் சுளிக்காமல் குடுக்கவேணும். டொக்டருக்கு மருந்தில்லாமலே சனல் காசு கட்டிற சனம்தானே நாங்கள். கராஜில மட்டும் "சும்மா பார்த்தவர்தானே" எண்டு சொல்லுறதுக்குப் பின்னால ஒரு பழைய இளக்காரம் இருக்கு. ஏ.எல்.இல கணிதம் செய்து உள்ள போனவன் எஞ்சினியர், படிப்பு ஏறாதவன் கராஜுக்குப் போனவன் எண்ட எண்ணம். சத்தத்தைக் கேட்டு எட்டுப் பாகத்தில ஒண்டைப் பிடிக்கிற மூளையை நாங்கள் மூளையா எண்ணுறதில்லை. கையில கறுப்பு எண்ணெய் இருக்கிறபடியால் அது கைவேலை எண்டு நினைக்கிறம். கலைப்பீடத்தில இருந்துகொண்டு "அறிவு எண்டால் என்ன" எண்டு ட்யூட்டோரியல் எழுதுற நாங்களும் இதில விலக்கில்லை.

காசு கூடுமே எண்டு ஒரு நண்பி கேட்டாள். நியாயமான கேள்விதான். மாசக் கடைசியில பெற்றோலுக்கே எண்ணிப் போடுற வீட்டில பார்வைக் கூலியும் ஒரு பாரம்தான். ஆனால் அந்தக் கூலியைக் குடுத்த ஆளுக்கு, "பழைய பாகத்தைக் காட்டுங்கோ, எங்க ஆடுது எண்டு கையால ஆட்டிக் காட்டுங்கோ" எண்டு கேக்கிற வாயும் கிடைக்குது. ஓசியில பார்க்கச் சொல்லிப்போட்டு அதைக் கேக்க ஏலாது. மாட்டிற வேலையிலயும் ஒரு கேள்வி கேட்டுவைக்கலாம். ஆர்ம் புஷ் போல்ற்றைக் கடைசியா இறுக்கிறது கார் நிலத்தில தன்ர பாரத்தில நிக்கேக்கயோ, சில்லுத் தொங்கேக்கயோ? தொங்கேக்க இறுக்கினால், கார் இறங்கின உடனயே றப்பர் முறுகின நிலையில நிக்கும், சுணங்காமல் கிழியும். "போன வருசம்தானே மாத்தினது" எண்ட புலம்பலில கொஞ்சம் இந்த இடத்தில இருந்தும் வருது.

சொல்லுக்கும் ஒரு வார்த்தை. காரோட வந்த புத்தகம் டாஷ்போட் பெட்டிக்குள்ள இருக்கு, முழுக்க ஜப்பான் மொழியில. தமிழில தேடினால் "அதிர்வுறிஞ்சி" எண்டு கிடைக்குது. அந்தச் சொல்லைச் சொல்லி எந்தக் கராஜிலயும் ஒரு ஷொக்கும் வாங்க ஏலாது. சொல்லாக்கத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் புஷ், லிங்க், மவுண்டிங் எண்டு வேலை செய்யிற வாய்களில ஏற்கெனவே ஒரு தமிழ் இருக்கு. அந்தத் தமிழில, எந்தச் சத்தத்துக்கு எந்தச் சோதனை எண்டு ஒரு பத்துப் பக்கம் எழுதி வைக்க ஒருத்தரும் இல்லை. கராஜில பழகிற பொடியங்களுக்கும் அது உதவும், கார் வைச்சிருக்கிற வீட்டுக்கும் உதவும்.

அரசாங்கமும் இந்தப் பக்கம் பார்க்கிறதில்லை. வருசா வருசம் வரிப்பத்திரம் எடுக்க முதல் காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோறம். சைலன்சருக்குள்ள குழாயை விட்டுப் புகையை அளக்கினம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேக்கினம். வீட்டுக் காருக்குக் கீழ ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை. புகைச் சான்றிதழ் முன் கண்ணாடிக்குள்ள இருக்க, பால் ஜொயின்ற் கழண்டு விழுற நிலையில ஒரு கார் ஏ-9இல நூறில போகலாம். நடைமுறையில தடுக்கப்போறது அநேகமா வேகத்துக்கு நிக்கிற பொலிஸ்தான்.

பால் ஜொயின்ற்றை நான் கடைசிக்கு வைச்சதுக்குக் காரணம் இருக்கு. லிங்க் போனால் சத்தம், புஷ் போனால் ரயர் தேய்வு. பால் ஜொயின்ற் போனால் சில்லு வெளியில மடிஞ்சு விழும். எங்கட பக்கம் அதின்ர றப்பர் உறை வெய்யிலில வெடிக்குது, வெடிப்புக்குள்ளால ஒழுங்கை மண்ணும், தீவுப்பக்கம் ஓடுறவைக்கு உப்புத் தண்ணியும் போகுது. உள்ளுக்குள்ள கிறீஸ் காய்ஞ்சு இரும்பு இரும்பைத் தின்னும். குழியிலயும் திருப்பத்திலயும் கனத்த "டக்", ஸ்ரியறிங் தன்பாட்டில அலையிற மாதிரி ஒரு உணர்வு எண்டு ரெண்டும் சேர்ந்து வந்தால் அதைத் தள்ளிப்போடாதீங்கோ. சில்லை நிலத்தில இருந்து தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஒராள் பிறேக்கை மிதிச்சுக்கொண்டிருக்க ஆட்டம் நிண்டால் அது வீல் பெயாரிங். நிக்காட்டி பால் ஜொயின்ற்றைக் கம்பி குடுத்துக் கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கோ. இடமும் வலமும் பிடிச்சு ஆட்ட ஆடினால் ஸ்ரியறிங் பக்க ஜொயின்ற்றுகள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ போகவேண்டாம், கல் அடுக்கிப்போட்டும் போகவேண்டாம். ஆட்டம் உறுதியாத் தெரிஞ்சால் அந்தக் காரை கராஜுக்கு ஓட்டிக்கொண்டும் போகாதீங்கோ. மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கோ. அவர் வந்து பார்த்து, "இண்டைக்கு மாத்தத் தேவையில்லை" எண்டு சொன்னாலும், வந்த பெற்றோலுக்கும் பார்த்த நேரத்துக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில குடுத்து விடுங்கோ.